நாலு விரல் வெற்றிடம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். ஆனால் அந்தக் கண்ணாடிக் கடை விஷயத்தில் நான் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. முதலிலேயே நாலு வார்த்தை கத்தியிருந்தால் குழப்பம் அன்றைக்கே தீர்ந்திருக்கும். மரியாதையாக நடந்துகொண்டேன் பாருங்கள், அதுதான் வினை. அந்த வேலை முடிந்தால் என் ஓரகத்தி வீட்டைவிட்டுப் போய்விடுவாள் என்று வேறு ஆகிவிட்டது. அவள் போகக் கூடாது. எனக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

நான் வலைத்தளம் கட்டுகிற டெவலப்பர். டிசைன் போட்டுத் தருகிறவள் என் ஓரகத்தி, அதாவது கொழுந்தனின் மனைவி. ஒரு எழுத்து ஒரு புள்ளி நகர்ந்து நின்றாலும் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அதனால் வீட்டில் எல்லோருக்கும் அவள் புள்ளிதான். சொந்தப் பெயர் அவளுக்கே மறந்திருக்கும். தளம் எப்படித் தெரிய வேண்டும் என்று அவள் வரைவாள். அதைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி எழுதி ஓட வைப்பது என் பாடு. கடைக்காரர் நாளைக்கே படத்தை மாற்றலாம், விலையை மாற்றலாம், ஆனால் தோற்றம் கலையக் கூடாது. அப்படி நிற்கிற தோற்றத்துக்குத்தான் தீம் என்று பெயர். அது ரெடிமேடாகவும் கிடைக்கும். நாங்கள் அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கிற ரகம்.

வீடு ஒன்று, அடுப்படி ஒன்று. வேலை செய்கிற அறைகள் மட்டும் இரண்டு, நடுவில் ஒரு சுவர். அவள் நாற்காலியை இழுத்தால் எனக்குக் கேட்கும். இருந்தும் வேலையைப் பற்றி நாங்கள் வாய் திறந்து பேசிக்கொள்வதில்லை. திரையில் கமெண்ட் எழுதிக்கொள்வதோடு சரி. அதற்குக் காரணம் முன்பு நடந்த ஒரு சண்டை. ஒரு மிருக வைத்தியரின் தளத்தில் மெனு மேலே வருவதா, பக்கவாட்டில் வருவதா என்று ஆரம்பித்தது. "நீ வரையறதெல்லாம் போன்ல எப்படிடி நிக்கும்?" என்று நான் கேட்க, "நீங்க கட்டறதைப் பார்க்கச் சகிக்குமா?" என்று அவள் கேட்க, அப்புறம் கொஞ்ச நாளைக்கு அடுப்படியில் பாத்திரங்கள்தான் பேசிக்கொண்டன. கடைசியில் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து பஞ்சாயத்து செய்தார்கள்.

"எப்படித் தெரியணுங்கறது புள்ளி இஷ்டம். எப்படிக் கட்டணுங்கறது அண்ணி இஷ்டம். ஒருத்தர் வேலையில ஒருத்தர் மூக்கை நுழைக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்றான் கொழுந்தன்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் மரியாதை ஆறாய் ஓடியது. 'அக்கா, உங்களுக்கு வசதிப்பட்டால்' என்று அவள் எழுதுவாள். 'கண்டிப்பாகம்மா' என்று நான் எழுதுவேன். ஒரே டப்பாவில் உப்பு எடுத்துச் சமைக்கிற இரண்டு பெண்கள் எழுதிக்கொள்கிற லட்சணமா அது?

இந்தச் சமயத்தில்தான் கண்ணாடிக்காரர் வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர், கண் பரிசோதனையும் அவரேதான். நல்ல மனிதர். எதைக் கேட்டாலும் "நீங்க பார்த்துச் செய்யுங்க" என்பார். அப்படிச் சொல்கிறவர்களை நம்பவே கூடாது என்பது என் அனுபவம், ஆனால் இவர் நிஜமாகவே அப்படித்தான்.

புள்ளி முதலில் பென்சிலால்தான் வரைவாள். வரைந்ததைப் போனில் படம் பிடித்து அனுப்புவாள். அதைப் பார்த்து நான் நிறமில்லாத ஒரு மாதிரிப் பக்கம் கட்டிக் கொடுப்பேன், வெறும் எலும்புக்கூடு. அதன்மேல் அவள் தோலும் சதையும் வரைந்து திருப்பி அனுப்புவாள். பிறகு நான் முழுசாகக் கட்டுவேன். எங்கள் வேலை இப்படித்தான் சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் போய்ப் போய் வரும்.

அவள் அனுப்பிய பென்சில் படத்தில் மேலே பெரிதாக ஒரு கண்ணாடி. அதன் கீழே மூன்று கட்டங்கள்: பரிசோதனை, ஃபிரேம், லென்ஸ். அதற்குக் கீழே நாலு விரல் அகலத்துக்கு ஒன்றுமே இல்லை. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை வெறும் வெள்ளை. பிறகுதான் கடை நேரம், விலாசம் எல்லாம். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பாதிப் பக்கம் பார்த்தவன், தளம் இத்தோடு முடிந்தது என்று நினைத்துப் போய்விட மாட்டானா? கேட்கலாமென்று கை பரபரத்தது. மூக்கை நுழைக்காதே என்ற பஞ்சாயத்து ஞாபகம் வந்தது. டிசைனர்கள் ஏதோ மூச்சுவிட இடம் என்பார்களே, அதுவாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும் என்று அப்படியே கட்டி அனுப்பினேன்.

வண்ணமெல்லாம் பூசி அவள் திருப்பி அனுப்பியபோதும் அந்த வெள்ளை இருந்தது. பார்த்தாயா, வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறாள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

அந்தச் சமயத்தில் ஒருநாள் காலையில் காபி குடித்துக்கொண்டிருந்த கொழுந்தன் தலை நிமிராமல் சொன்னான்: "இந்தக் கண்ணாடிக் கடை வேலை முடிஞ்சு தளம் லைவ் ஆனதும் நாங்க தனியாப் போயிடலாம்னு இருக்கோம் அண்ணி. வீடு பார்த்தாச்சு."

புள்ளி அடுப்புப் பக்கம் திரும்பி நின்று பாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் பொங்குகிற மாதிரிகூட இல்லை. ஏன், எதற்கு என்று யாரும் வாய் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் பிறகு அறையில், "நீ எதுவும் கேக்காதே. அவங்களாச் சொன்னா சொல்லட்டும்," என்றார். எங்கள் வீட்டு ஆண்களுக்குக் கேட்காமல் இருப்பதுதான் பெரிய மனுஷத்தனம்.

எனக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. என் மகளைப் பிரசவ அறை வாசலில் முதலில் கையில் வாங்கினவள் புள்ளி. காய்ச்சலில் கிடந்தபோது என் வாயில் மாத்திரையைத் திணித்து, "முழுங்குங்க, நடிக்காதீங்க" என்று அதட்டினவள் புள்ளி. அவள் போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவேன்? சுவரோடா?

வேலை முடிந்தால்தானே போவாள், முடியாமலே பார்த்துக்கொள்வது என்று தீர்மானித்தேன். கேவலமான யோசனைதான். ஆனால் நன்றாக வேலை செய்தது. பக்கம் திறக்கிற வேகம் போதாது என்று சில நாள் இழுத்தேன். பழைய போனில் எழுத்து உடைகிறது என்று இன்னும் சில நாள். உடையவே இல்லை.

எல்லாவற்றையும்விட அந்த வெள்ளை இடம் எனக்குக் கைகொடுத்தது. சின்னத் திரையில் அது சுருங்கும், பெரிய திரையில் வீங்கும். அவள் ஒருநாள் எழுதினாள்: 'அக்கா, டேப்லெட்டில் இந்த இடம் கொஞ்சம் குறைகிறது. பரவாயில்லையா?' அடடா, குறைந்துவிட்டதென்று வருத்தப்படுகிறாள் என்று எந்தத் திரையிலும் குறையாதபடி தனியாக எழுதிச் சேர்த்தேன். அடுத்து வந்த டிசைனில் எல்லாப் பக்கங்களிலும் அதே அளவில் வெள்ளை வைத்திருந்தாள். பரிசோதனைக்கு நேரம் கேட்கிற பக்கத்தில்கூட. எனக்கு அழுகையே வந்தது. ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தவள் உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன்.

இதில் ஒரு வேடிக்கை. அவளும் முடிக்க விடவில்லை. நான் இழுக்க இழுக்க, அவளிடமிருந்து மாற்றம் மேல் மாற்றமாக வந்தது. நீலம் கொஞ்சம் அழுத்தமாகட்டும். பட்டன் மூலை கொஞ்சம் உருளட்டும். இல்லை, பழைய மூலையே நன்றாயிருந்தது. முன்பெல்லாம் ஒரு தடவை கொடுத்தால் கொடுத்ததுதான் என்று இருப்பவள் இப்படிச் செய்கிறாள் என்றால் என்ன அர்த்தம்?

"அவளுக்கும் போக மனசில்லைங்க. எனக்கு நல்லாத் தெரியுது," என்றேன் வீட்டுக்காரரிடம்.

"நீயாக் கற்பனை பண்ணிக்காதே."

"நீங்க சும்மா இருங்க. நீலத்தைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கண்ணாடிக்காரரே போன் செய்தார். எத்தனை பொறுமைசாலியும் ஒருநாள் போன் செய்துதானே ஆக வேண்டும். "ரெண்டு பேரும் ஒரு தடவை கடைக்கு வந்து காட்டிட்டுப் போங்கம்மா, பெரிய திரையில பார்த்துட்டா எனக்கும் திருப்தி," என்றார்.

கடையின் பின்பக்கம் கண் பரிசோதிக்கிற அறை. உயரமான நாற்காலி, சுவரில் பெரிசிலிருந்து பொடிசுவரை எழுத்துப் பலகை, மூலையில் கை கழுவுகிற தொட்டி. அங்கே ஒரு திரையில் என் லேப்டாப்பை இணைத்து மேலிருந்து கீழாக ஓட்டினேன். கண்ணாடிக்காரர் "பேஷ், பேஷ்" என்று தலையாட்டிக்கொண்டே வந்தார். வெள்ளை வந்ததும் தலையாட்டுவது நின்றுவிட்டது.

"ஒண்ணு கேக்கலாமா? தப்பா நினைச்சுக்கக் கூடாது."

"கேளுங்க சார்," என்றோம் இருவரும்.

"இந்த இடத்துல ஒண்ணும் இல்லையே, அது எனக்குத் தெரியலையா, இல்ல நிஜமாவே இல்லையா? முதல் தடவை நீங்க அனுப்பினப்போ என் கண்ணை நானே டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன்."

நான் வாயைத் திறந்தேன். அவளும் திறந்தாள்.

"அது புள்ளி வச்சது சார், அதுக்கு ஒரு காரணம் இருக்கும்," என்று நானும், "அது அக்காவுக்குத் தேவைப்படற இடம் சார், டெக்னிக்கலா," என்று அவளும் ஒரே நேரத்தில் சொன்னோம். சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துத் திருதிருவென்று விழித்தோம்.

"எனக்குத் தேவையா? எனக்கு எதுக்குடி?"

"நீங்க அனுப்பின மாதிரிப் பக்கத்துலயே இருந்துதே அக்கா. ஏதோ லோடு ஆகறதுக்கு விட்டிருக்கீங்கன்னு நினைச்சேன்."

"அந்த மாதிரியை உன் பென்சில் படத்தைப் பார்த்துத்தானே கட்டினேன்! அதுலயே இருந்துதே!"

"பென்சில் படத்துலயா?" அவள் நெற்றியைச் சுருக்கினாள். மேலே பார்த்தாள். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அக்கா… நான் ரெண்டு பேப்பரை ஒட்டி வரைஞ்சேன். ஒரு பேப்பர் பத்தலை. ஒட்டின இடத்துல டேப் இருந்துது, அதுமேல பென்சில் ஓடலை. அதான் தள்ளி வரைஞ்சேன்."

நான் திரையில் இருந்த அந்த வெள்ளையைத் திரும்பிப் பார்த்தேன்.

"டேப்பா?" என்றேன்.

"டேப்தான்."

"ஒரு ஒட்டு டேப்புக்கா நான் எல்லாத் திரைக்கும் தனித்தனியாப் புரோகிராம் எழுதினேன்?"

"நான் அதுக்காகவே எல்லாப் பக்கத்தையும் மாத்தி வரைஞ்சேனே அக்கா!"

கண்ணாடிக்காரருக்கு எங்களைவிடக் குழப்பம். "அப்ப அது கண்ணுக்கு ஓய்வு குடுக்கற இடம் இல்லையா? நீங்க அனுப்பினதைக் காட்டி நான் கஸ்டமருக்கெல்லாம் அப்படித்தானே சொல்லி வச்சிருக்கேன்? என் சம்சாரம்கூட ரொம்ப நல்லா இருக்குன்னாளே!" என்று எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். எங்கள் முகத்தில் என்ன தெரிந்ததோ, "நீங்க பேசி ஒரு முடிவுக்கு வாங்க, நான் முன்னால இருக்கேன்," என்று கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்தவே முடியவில்லை. பரிசோதனை நாற்காலியில் விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவளும் சிரித்தாள். சண்டைக்கு முன்னால் நாங்கள் இப்படித்தான் சிரிப்போம். அந்தச் சிரிப்பில் எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்ட மாதிரி இருந்தது. தைரியமும் வந்துவிட்டது.

"புள்ளி, தனியாப் போறதும் இப்படித்தானே?" என்றேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாங்க விரும்பறோம்னு நீங்க நினைச்சீங்க, நீங்க விரும்பறீங்கன்னு நாங்க நினைச்சோம். உண்மையில யாருக்கும் வேணாம். யாரும் கேக்கலை. அப்படித்தானே?"

அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

"இல்லக்கா. அது நான் கேட்டது."

"யாருக்காக?"

"எனக்காக."

எனக்குப் புரியவில்லை. சத்தியமாகப் புரியவில்லை. "அப்புறம் எதுக்கு தினம் ஒரு மாத்தம் அனுப்பினே? நீலம், மூலைன்னு? உனக்கும் முடிக்க மனசில்லைன்னுதானே நான்…"

"நீங்கதான் முடிக்கவே மாட்டேங்கறீங்களே. டிசைன்ல ஏதோ குறை இருக்கு, சொல்லச் சங்கடப்படறீங்கன்னு நினைச்சேன். அதான் என்னவா இருக்கும்னு ஒண்ணொண்ணா மாத்தி மாத்தி அனுப்பினேன்."

அடக் கடவுளே. நான் இழுத்ததற்கு அவள் நீலத்தைப் போட்டு வதைத்திருக்கிறாள். அதைப் பார்த்து நான் மனப்பால் குடித்திருக்கிறேன்.

"நான் என்னடி பண்ணேன் உனக்கு? சொல்லு. திட்டினேனா? ஏதாவது குறை வச்சேனா?"

"ஒண்ணும் பண்ணலை. நல்லாத்தான் வச்சிருக்கீங்க." அவள் கை கழுவும் தொட்டி ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "உங்க முகம் கொஞ்சம் மாறினா நான் உடனே சரின்னு சொல்லிடறேன். நீங்க சொல்லக்கூட வேணாம், நானே ஊகிச்சு வளைஞ்சு குடுத்துடறேன். எனக்கு என்ன பிடிக்கும்னு இப்பல்லாம் எனக்கே குழப்பமா இருக்கு. இந்த வெள்ளை முதல் நாளே எனக்குப் பிடிக்கலை. அசிங்கமா இருந்துது. பார்த்தவுடனே பிடிக்கலைன்னு சொல்றதுதானேக்கா என் வேலையே? அதைச் சொல்லாம, அதைச் சுத்தியே வண்ணம் பூசி, அழகா இருக்குன்னு எனக்கே சொல்லிக்கிட்டேன். பூசி முடிச்ச அன்னிக்குத்தான் அவர்கிட்ட சொன்னேன், தனியாப் போயிடலாம்னு."

அன்றுவரை அவள் என்னிடம் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது கிடையாது. எப்போதும் பேசுகிறவள் நான்தான். எனக்குக் கோபம் வந்தது, அதைவிடப் பயம் வந்தது, எது எது என்று பிரிக்கவும் தெரியவில்லை.

"கோவமா அக்கா?"

"ஆமா. கோவம்தான்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். வழக்கமாக இந்த இடத்தில் அவள், "சரி விடுங்க, வேணாம்" என்பாள். இப்போதும் சொல்வாள் என்று வெட்கமில்லாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கும் அது தெரிந்தது. ஆனால் சொல்லவில்லை.

நான் லேப்டாப்பைப் பக்கத்தில் இழுத்தேன். மாய்ந்து மாய்ந்து எழுதினதை அழிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வெள்ளை மறைந்து கீழ்ப் பாதி மேலே ஏறிவந்து கட்டங்களோடு ஒட்டிக்கொண்டது.

"பிடிக்குதா இல்லையா? என் மூஞ்சியைப் பார்க்காதே, திரையைப் பார்த்துச் சொல்லு."

அவள் திரையைப் பார்த்தாள். கிட்டே போய்ப் பார்த்தாள், நாலடி பின்னால் நகர்ந்து பார்த்தாள்.

"பிடிக்கலை. கடை நேரம் எழுத்து ரொம்பப் பெருசா இருக்கு. கட்டத்தை அமுக்குது."

குறைத்தேன். "இப்ப?"

"இன்னும் ஒரு சுத்து."

குறைத்தேன்.

"இப்ப பிடிக்குது," என்றாள்.

"ஏத்திடவா?"

ஏற்றினால் தளம் லைவ். அப்புறம் இழுப்பதற்கு ஒன்றும் கிடையாது. அது அவளுக்கும் தெரியும். அவள் கண் நிறைந்துவிட்டது, ஆனால் குரல் தெளிவாகத்தான் இருந்தது.

"ஏத்துங்கக்கா."

ஏற்றினேன். பக்கம் ஒருமுறை காலியாகி, முழுசாகத் திரும்பி வந்து நின்றது. நன்றாகத்தான் இருந்தது. ஒரு டிசைனரும் ஒரு டெவலப்பரும் சேர்ந்து செய்த வேலை என்று யார் பார்த்தாலும் சொல்வார்கள்.

வெளியே கண்ணாடிக்காரர் யாரிடமோ கண்ணுக்கு ஓய்வு கொடுப்பதைப் பற்றி விளக்கிக்கொண்டிருப்பது கேட்டது.

"பாவம், அவர்கிட்ட யாருக்கா சொல்றது?" என்றாள் புள்ளி.

நீயே போய்ச் சொல் என்று கையால் காட்டினேன்.